பட்டறை மேல் நம்பிக்கை போன பிறகு ஸ்பேனரை யார் பிடிப்பது?

கேள்வி: 6 ஆண்டுகளாக ஒரே காரை வைத்திருக்கிறேன். சில வாரங்களுக்கு முன் முன்சக்கரத்தில் உலோகம் உரசுவது போன்ற சத்தம் கேட்டது. பிரேக் பேட் தேய்ந்திருக்கும் என்று நினைத்து, பட்டறையில் விட்டு முன்பக்கப் பேடுகளை மாற்றித் தரச் சொன்னேன். மாற்றினார்கள்; சத்தம் போகவில்லை. மறுபடி போனபோது டிஸ்கும் தேய்ந்துவிட்டது, அதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். டிஸ்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சிறிய கல் சிக்கியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் தள்ளியதும் விழுந்தது, சத்தமும் நின்றுவிட்டது. அன்றே கருவிப் பெட்டியும், காரின் கணினி காட்டும் குறை எண்களைப் படிக்கும் ஸ்கேனரும் வாங்கிவிட்டேன். காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆயில், பிரேக் உட்பட எல்லா வேலைகளையும் இனி நானே செய்துகொள்ளலாமா? என் மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். இன்னொரு சந்தேகம்: கழற்றிய பழைய பேடுகளை வாங்கி வந்திருக்கிறேன், அவற்றில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. திரும்பவும் பொருத்தலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அந்தக் கல்லிலிருந்தே தொடங்குகிறேன். டிஸ்கின் உள்பக்கத்தில், தூசியும் சேறும் தெறிக்காமல் தடுப்பதற்காக மெல்லிய தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். டிஸ்குக்கும் அதற்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளிதான் உண்டு. சரளைக்கல் கிடக்கும் பாதையில் போகும்போது ஒரு சிறு கல் அங்கே தெறித்துச் சிக்கிக்கொண்டால், சக்கரம் சுழலும் நேரமெல்லாம் தகரத்தை ஆணியால் கீறுவது போன்ற சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத் தனி அடையாளம் உண்டு. பிரேக்கை மிதித்தாலும் விட்டாலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும். வண்டியைப் பின்னோக்கி எடுத்தால் மாறும், சில வேளைகளில் பின்னோக்கி எடுக்கும்போதே கல் விழுந்துவிடவும் செய்யும். பேட் தேய்ந்து அதன் எச்சரிக்கைத் தகடு டிஸ்கில் படும்போது எழும் கீச்சொலியோ பிரேக்கில் கால் வைத்ததும் பெரும்பாலும் மாறிவிடும். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு சுவரை ஒட்டினாற்போல மெதுவாக இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தால் போதும்.

அந்தப் பட்டறை அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடவில்லை. அது முதல் தவறு. பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும் பேடைக் கையில் எடுத்த மெக்கானிக், சத்தத்துக்குக் காரணம் இதுவாக இருக்க முடியாது என்று அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி உங்களை அழைத்திருக்க வேண்டும். இது இரண்டாவது. டிஸ்கை மாற்றச் சொன்னது இவை இரண்டையும்விட மோசம். எந்தத் தடிமனுக்குக் கீழே போனால் டிஸ்கைத் தூக்கி எறிய வேண்டும் என்ற அளவு பெரும்பாலும் டிஸ்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரை வைத்து அளந்து, இரண்டு எண்களையும் உங்களுக்குக் காட்டாமல் டிஸ்க் தேய்ந்துவிட்டது என்று சொல்வது வெறும் ஊகம். 28 ஆண்டுகள் பட்டறையில் வேலை செய்தவன், இப்போது இளைஞர்களுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுப்பவன் என்பதால் நான் என் தொழிலுக்குப் பரிந்து பேசுவேன் என்று எதிர்பார்த்திருந்தால், இந்த விஷயத்தில் அப்படிச் செய்ய வழியில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தின் ஒரு வாக்கியத்தை நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள். ‘முன்பக்கப் பேடுகளை மாற்றித் தரச் சொன்னேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சத்தம் எப்போது வருகிறது, எந்தச் சக்கரத்தில் வருகிறது, பிரேக்கை மிதித்தால் என்ன ஆகிறது என்று சொல்லவில்லை; முடிவை நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டீர்கள். வேலைச் சீட்டில் ‘முன்பேட் மாற்றுதல்’ என்று எழுதப்பட்ட நிமிடத்தில், அந்தக் காரின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போயிற்று. கேட்ட பொருள் கிடைத்தது, குறை தீரவில்லை. நாளை ஸ்பேனரை நீங்களே பிடித்தாலும் இதே பழக்கம் தொடர்ந்தால், தேவையில்லாத பாகத்தை மாற்றுகிறவர் மட்டும்தான் மாறியிருப்பார்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் செய்யலாமா என்று கேட்டால் கூடாது என்பேன். எதையும் செய்யக் கூடாதா என்று உங்கள் மனைவி கேட்டால் அவரிடமும் அப்படியில்லை என்றே சொல்வேன். கடினமான வேலை எளிய வேலை என்று பிரித்துப் பார்ப்பது பலருடைய வழக்கம். எனக்கு அந்தப் பிரிவில் நம்பிக்கை இல்லை. பேட் மாற்றுவது உண்மையில் எளிய வேலை, முகப்பு விளக்கின் பல்பை மாற்றுவது சில கார்களில் கையைக் கிழித்துக்கொள்ள வைக்கும் வேலை. நான் மாணவர்களிடம் கேட்கச் சொல்லும் கேள்விகள் இரண்டு. இந்த வேலையில் நான் பிழை செய்திருந்தால் அந்தப் பிழை வண்டி நிற்கும்போது தெரியவருமா, ஓடும்போது தெரியவருமா என்பது ஒன்று. வேலையை முடித்தபின், சாலையில் இறங்குவதற்கு முன்பாகவே, அது சரியாக முடிந்திருக்கிறது என்று உறுதி செய்துகொள்ள என்னிடம் வழி இருக்கிறதா என்பது இன்னொன்று. காற்று வடிகட்டியைத் தவறாகப் பொருத்தினால் மூடி சேராது, அங்கேயே தெரிந்துவிடும். பாட்டரியின் முனையைச் சரியாக இறுக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்டார்ட் செய்யும்போதே காட்டிக்கொடுக்கும். துடைப்பான், பல்பு, கேபின் வடிகட்டி, ஃபியூஸ் எல்லாம் இந்த வகையே. இவற்றுக்காகப் பட்டறைக்குப் போவது வீண் அலைச்சல். பாட்டரியில் மட்டும் வரிசை முக்கியம்: கழற்றும்போது எதிர்முனை (மைனஸ்) முதலில், பொருத்தும்போது எதிர்முனை கடைசியில். நேர்முனையில் இருக்கும் ஸ்பேனர் தவறிப்போய் வண்டியின் உடலைத் தொட்டாலும் பொறி பறக்காமல் இருப்பது இந்த வரிசையால்தான்.

ஆயில் மாற்றுவது நடுத்தரமான வேலை. நீங்களே செய்யலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் அதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, ஆயில் வடிக்கும் போல்ட். பல கார்களில் ஆயில் தேங்கும் சேம்பர் அலுமினியத்தால் ஆனது, போல்ட்டோ எஃகு. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஆயில் சொட்டிவிடுமோ என்ற பயம் இருப்பதால் முழங்கையின் பலத்தையெல்லாம் சேர்த்து இறுக்குவார்கள். அலுமினிய மரை கண்ணுக்குத் தெரியாமல் இழுபட்டு, அதற்கடுத்த முறையோ அதற்கும் அடுத்த முறையோ போல்ட்டோடு சுருளாக வெளியே வந்துவிடும். போல்ட்டின் அடியிலுள்ள வாஷர்தான் கசிவைத் தடுக்கிறது. அது நசுங்கி அமரும் வகையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் புதியதைப் போட வேண்டும், பலத்தால் அதை ஈடுகட்ட முடியாது. இரண்டாவது பொறி, ஆயில் வடிகட்டியின் ரப்பர் வளையம். பழைய வடிகட்டியைத் திருகி எடுக்கும்போது அதன் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது உண்டு. கவனிக்காமல் புதிய வடிகட்டியை அதன் மேல் இறுக்கினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமரும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆயிலின் அழுத்தம் ஏறியதும் மேல் வளையம் பிதுங்கி, உள்ளே இருக்கும் 3 அல்லது 4 லிட்டரும் சிறிது நேரத்தில் வெளியே வந்துவிடும். ஆகவே பழைய வடிகட்டியைக் கழற்றியவுடன் அதைத் திருப்பி, வளையம் அதிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இன்ஜின் பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். புதிய வளையத்தில் சிறிது ஆயிலைப் பூசி, அது இன்ஜினைத் தொட்டபின் வடிகட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் முக்கால் சுற்று, கையாலேயே திருகினால் போதும். முடித்தபின் ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்று பார்த்து, அரை நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு டார்ச் அடித்துக் கீழே பாருங்கள். சில நிமிடம் கழித்து, சமதரையில் வைத்தே, அளவுக்குச்சியைப் பாருங்கள். இத்தனையும் வண்டி நின்ற இடத்திலேயே நடப்பதால்தான், ஆயில் என் இரண்டாவது கேள்வியில் தேறுகிறது.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிளும் இருந்தால், காருக்கு வாங்கியதில் மிஞ்சிய ஆயிலை அதில் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும். காருக்கான பல ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருப்பதால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். 

பிரேக் என்று வரும்போது என் குரல் மாறும். நான் தொழில் பழகிய பட்டறையில் ஒரு மாலை, முன்பேட் மாற்றி முடித்த காரை வெளியே எடுத்து வைக்கும்படி என்னிடம் சாவியைத் தந்தார்கள். பேடை மாற்றியதும் நான்தான். ஸ்டார்ட் செய்து, மெதுவாகப் பின்னோக்கி எடுத்து, நிறுத்துவதற்காகப் பிரேக்கில் கால் வைத்தேன். மிதி எந்தத் தடையும் இல்லாமல் தரைவரை போயிற்று. எதிர்ச்சுவர் பின்கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. கைப்பிரேக்கை இழுத்ததால் சுவருக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. பட்டறையில் யாரும் கத்தவில்லை. மூத்தவர் ஒருவர் அருகில் வந்து, ‘பம்பு அடித்தாயா?’ என்று மட்டும் கேட்டார். அடிக்கவில்லை. புதிய தடித்த பேடுகளுக்கு இடம் செய்வதற்காக, பேடுகளை டிஸ்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தேன். அந்தப் பிஸ்டன் மறுபடி வெளியே வந்து பேடைத் தொடும்வரை மிதியை நாலைந்து முறை, சில கார்களில் இன்னும் அதிகமாகவே, அடித்து இறுக்கமாக்க வேண்டும். அதுவரை அந்தக் காரில் பிரேக் இல்லை என்றே பொருள். எல்லாப் பாகங்களையும் சரியாகப் பொருத்திய பிறகும் ஒரு கார் பிரேக் இல்லாமல் இருக்க முடியும் என்பதை நான் அன்றுதான் உடம்பால் அறிந்தேன்.

இந்த வேலையில் பிழை ஒளிந்துகொள்ளும் இடங்கள் இன்னும் உண்டு. காலிப்பரைக் கழற்றியதும் ரப்பர் குழாயில் தொங்கவிட்டால் குழாயின் உட்புறம் சேதமாகும், வெளியே ஒன்றும் தெரியாது. கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். பேடை உலோகப் பக்கம் டிஸ்கைப் பார்க்கும்படித் திருப்பிப் பொருத்தியவர்களை நான் கண்டிருக்கிறேன், சிரிக்காதீர்கள், அவர்களில் ஒருவர் பொறியியல் படித்தவர். கிரீஸ் பட்ட விரலால் பேடின் உராயும் பரப்பைத் தொட்டால் அந்தப் பேட் வீண். காலிப்பர் நகரும் ஊசிகளின் போல்ட்டுகளைச் சக்கர நட்டை இறுக்கும் பலத்தோடு இறுக்கினால் மரை போய்விடும். பல கார்களில் அவற்றுக்கு அந்த பலத்தில் கால் பங்கே போதும். எனவே இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் கை வைக்காதீர்கள். சக்கர நட்டுகளும் அதே ரெஞ்சால், எதிரெதிராக, கையேட்டில் குறித்த அளவுக்கு இறுக்கப்பட வேண்டும். பல பயணக் கார்களில் அது 100 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை சோதிக்க வேண்டும்.

நாம் எல்லோரும் ‘பிரேக் ஆயில்’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயரே ஆபத்தானது. பெரும்பாலான கார்களில் இருப்பது ஆயிலே கிடையாது, கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். பெயரை நம்பி யாராவது அதில் இன்ஜின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஒரு மூடி ஊற்றினாலும் உள்ளேயிருக்கும் ரப்பர் சீல்கள் உப்பி, பிரேக் பிடித்துக்கொள்ளும் அல்லது பிடிக்காமலே போகும். பிறகு ரப்பர் பாகங்கள் அத்தனையையும் மாற்ற வேண்டியதுதான். அந்தத் திரவத்துக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமும் உண்டு. டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 155 பாகைதான். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அந்தத் திரவம் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும் தன்மையுடையது என்பதால் மிதி பஞ்சு போலாகிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று பல நிறுவனங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் மாற்றும்போது குழாயைத் திறந்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள சில கார்களில் அதற்கு ஸ்கேனரின் உதவியும் வேண்டும். உள்ளே ஒரு குமிழி தங்கிவிட்டால் வீட்டு வாசலில் அது தெரியாமலே போகலாம். ஆகவே என் இரண்டு கேள்விகளிலும் இது தோற்கிறது. திரவத்தை மாற்றுவதைப் பட்டறையிடமே விட்டுவிடுங்கள்.

பேடைப் பொறுத்தவரை, அடுத்த முறை அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நீங்கள் செய்யுங்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும். அதற்கு அடுத்த முறை தனியாகச் செய்யலாம். முன்சக்கரங்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் காரில் கைப்பிரேக் பட்டனால் இயங்குவதாக இருந்தால் பின்சக்கரத்துக் காலிப்பரில் மோட்டார் இருக்கக்கூடும், அதைச் சேவை நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனைத் தள்ளினால் மோட்டாரே போய்விடும். பிஸ்டனைத் தள்ளும் முன் திரவக் கிண்ணத்தின் மட்டத்தையும் பாருங்கள். பேட் தேயத் தேய மட்டம் இறங்குவது இயல்பு. இடையில் யாராவது ஊற்றி நிரப்பியிருந்தால் இப்போது அது வழிந்து பெயிண்டை அரித்துவிடும்.

கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. சக்கரத்தைக் கழற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கிய காரைத் தாங்க ஸ்டாண்டு வைத்ததாக எழுதவில்லை. காரோடு வரும் ஜாக்கி, ஸ்டெப்னி மாற்றும் அந்தப் பத்து நிமிடத்துக்காக மட்டும் செய்யப்பட்டது. அதன் மேல் நிற்கும் காரின் அடியில் தலையோ தோளோ போகவே கூடாது, டிஸ்கின் பின்னால் எட்டிப் பார்ப்பதற்காகக்கூட. சமமான கெட்டித் தரை, எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை, கையேட்டில் காட்டிய இடத்தில் ஸ்டாண்டு, பிறகு காரை ஒருமுறை தோளால் அசைத்துப் பார்ப்பது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேலையை அன்றைக்கு விட்டுவிடுங்கள். கருவிப் பெட்டிக்கு முன்பாக வாங்கியிருக்க வேண்டியது இரண்டு ஸ்டாண்டுகள்தான்.

எதைத் தொடவே கூடாது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஷாக் அப்சார்பரைச் சுற்றி அமுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங், காற்றுப்பை இருக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதி, மின்சாரக் கார்களிலும் கலப்பினக் கார்களிலும் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள்கள், ஏ.சி. வாயுக் குழாய், டீசல் இன்ஜினின் உயரழுத்த எரிபொருள் குழாய் ஆகியவற்றின் பக்கம் போகாதீர்கள். இவற்றில் கடைசியில் சொன்னது 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கும். கசிவைத் தேடி விரல் வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். டைமிங் பெல்ட்டில் உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் பல இன்ஜின்களில் பற்கள் தப்பிப் பொருத்தினால் வால்வுகளும் பிஸ்டனும் மோதிக்கொள்ள வாய்ப்புண்டு. ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஸ்கேனர் வாங்கியிருப்பது நல்லது, அது சொல்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதவரை. உதாரணமாக அது பி0171 என்று காட்டினால், எரிபொருளுக்கு வேண்டிய அளவைவிடக் காற்று மிகுதியாக இருக்கிறது என்று கணினி நினைக்கிறது என்று மட்டுமே பொருள். ஆக்சிஜன் சென்சார்தான் அதைக் கண்டு சொன்னது என்பதால் உடனே அந்தச் சென்சாரை மாற்றுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். தகவல் சொன்னவனைத் தண்டிக்கும் வேலை அது. வெடித்துப்போன ஒரு ரப்பர் காற்றுக்குழாய், அழுக்கேறிய காற்றளவு சென்சார், பலவீனமான எரிபொருள் பம்பு என்று எதுவும் காரணமாக இருக்கலாம். பேடை ஊகத்தில் மாற்றிய பட்டறையைக் கோபித்துக்கொண்ட நீங்கள், சென்சாரை ஊகத்தில் மாற்றக் கூடாது அல்லவா? எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்போதிருந்த வேகம், இன்ஜினின் வெப்பம் முதலிய பதிவுகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அழிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எண்ணை அழித்துவிட்டுக் கொண்டுவருகிறவர்கள் எங்களுக்குத் தடயத்தை அழித்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள்.

காணொளிகளைக் குறை சொல்ல மாட்டேன், நானும் பார்க்கிறேன். ஆனால் அவற்றில் துருப்பிடித்து நகராத போல்ட்டோடு போராடிய அந்த இரண்டு மணி நேரம் வெட்டப்பட்டிருக்கும். உங்கள் கார் மாடலின், அதே ஆண்டுக்குரிய பழுதுநீக்கும் கையேட்டை முதலில் படித்துவிட்டுப் பிறகு காணொளியைப் பாருங்கள். இறுக்கும் அளவுகளைக் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள்.

நீங்கள் தொடாத வேலைகளுக்கு ஒரு பட்டறை வேண்டும், அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது பேட் மாற்றுவதைவிடக் கடினமான கேள்வி. நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான். நீங்கள் குறையைச் சொன்னதும் அந்த மெக்கானிக் உங்களிடம் திரும்பக் கேள்வி கேட்கிறாரா? காலையில் வருகிறதா, சூடான பிறகா, திரும்பும்போதா, மேட்டிலா என்று கேட்கிறவர் காரணத்தைத் தேடுகிறவர். அவரையே பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். வேலைச் சீட்டில் பாகத்தின் பெயரை எழுதவிடாமல் குறையை எழுதச் சொல்லுங்கள்: ‘40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே இடது முன்சக்கரத்தில் உரசும் சத்தம், பிரேக்கால் மாறவில்லை’ என்பது போல. சத்தம் நின்றால்தான் அந்தச் சீட்டு முடியும். சீட்டில் இல்லாத எதையும் செய்யும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டும் என்றும், கழற்றிய பாகங்கள் திரும்ப வேண்டும் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; நேர்மையான பட்டறை எதுவும் இதற்கு முகம் சுளிக்காது. காருக்கு உத்தரவாதக் காலம் மிச்சம் இருந்தால், நீங்களே செய்யும் ஆயில் மாற்றத்துக்குத் தேதியும் ஓடிய கிலோமீட்டரும் வாங்கிய ரசீதும் சேர்த்து ஒரு நோட்டில் பதிவு வைத்துக்கொள்ளுங்கள், நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பட்டறையிலிருந்து கார் திரும்பியதும் நீங்கள் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. ஆயில் மாற்றினார்கள் என்றால் அளவுக்குச்சியைப் பாருங்கள். சக்கரம் கழற்றினார்கள் என்றால் நட்டுகளை டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைத் தொடாமல் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனலாக வீசினால் அங்கே பிரேக் முழுதாக விடுபடவில்லை. இந்தச் சோதனையைச் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் எங்களிடம் இருந்தார். அவருடைய காரைத் தொடும்போது பையன்கள் எல்லோரும் தாமாகவே இரண்டு மடங்கு கவனமாக இருந்தார்கள்.

கடைசியாக அந்தப் பழைய பேடுகள். திரும்பப் பொருத்த வேண்டாம். புதியவை டிஸ்கோடு இணங்கிப் பதியத் தொடங்கிவிட்டன, பழையவற்றில் எது எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதும் இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் தூக்கிப் போடவும் வேண்டாம். நான்கையும் மேசையில் வைத்து, உலோகத் தகட்டை விட்டுவிட்டு உராயும் பொருளின் தடிமனை மட்டும் வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். பல கார்களில் பிஸ்டன் தள்ளும் உள்பேடின் வடிவம் வெளிப்பேடிலிருந்து சற்று வேறுபட்டிருக்கும், எச்சரிக்கைத் தகடு பெரும்பாலும் உள்பேடில் இருக்கும். அதை வைத்து இரண்டு ஜோடிகளாகப் பிரிக்க முடியும். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் கவலை இல்லை. உள்பேடுகளில் ஒன்று மற்றவற்றைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் குறைவாகவோ, ஒரு பேடின் ஒருமுனை சரிந்தோ தேய்ந்திருந்தால், ஏதோ ஒரு பக்கத்துக் காலிப்பரின் ஊசிகள் இறுகிப்போய் நகராமல் இருக்க வாய்ப்பிருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் போட வேண்டிய வேலை அது; அந்தப் பட்டறை அதையும் கவனித்திருக்காது என்றே நினைக்கிறேன். அளந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி, பேடுகளோடு சேர்த்து அடுத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அந்த ஊசிகளை அவர் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள்.